காத்திருந்த இடத்தில் நான் சொன்ன பொய்

அன்பு மகள் ரோவெனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் வெண்டலும் சுகமாக இருக்கிறோம், பனி விழுந்தால் அவருக்கு முழங்கால் வலி கூடுகிறது, அவ்வளவுதான். உன் இருமல் நின்றதா, குழந்தைக்குப் பல் முளைத்ததா, இலோய்லோவில் மழை விட்டதா, எல்லாம் எழுது. வீடியோ போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எங்கள் கல்யாணம் நிஜம்தானா என்று விசாரிக்கும் கிரீன் கார்டு நேர்காணலுக்குப் போய்வந்தோம். வெண்டல் தன்னிடமுள்ள ஒரே கோட்டைப் போட்டிருந்தார், படகு இன்ஜின் பழுது பார்த்த காலத்தில் வாங்கியது, அப்போது ஆள் பெரிசு, இப்போது தோளில் தொங்குகிறது. எழுபது தாண்டிவிட்டது, கை வேறு நடுங்குகிறது, கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் சர்ச்சில் பாடுகிற எட்னா தன் நாத்தனாருக்குத் துணையாக அந்தக் காத்திருக்கும் அறைக்குள் வந்தாள். என்னைப் பார்த்ததும் நம் பேச்சிலேயே, அக்கா நீங்க எங்க இங்க, இந்தத் தாத்தாவைத்தான் பாத்துக்கிறீங்களா, பாவம், நடப்பாரா என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பிலிப்பைன்ஸிலிருந்து இங்கே வந்த நம் பெண்களில் பாதிப்பேர் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் செய்கிறார்கள். நான் ஆமாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம், பகல்ல மட்டும்தான், ராத்திரிக்கு வேற ஆளு வரும் என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

வெண்டல் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் நம் ஆட்களோடு பல வருஷம் பழகியவர், நம் பேச்சு அவருக்கு நன்றாகப் புரியும் என்பது உனக்கே தெரியும். ஆல்பத்தின் அட்டையில் எங்கள் இருவர் படம் இருக்கிறது, எட்னா கண்ணில் படாதபடி அதை மெல்லக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எங்களைக் கூப்பிட்டார்கள். உன் வயதுப் பெண் அதிகாரி, கையை உயர்த்தச் சொல்லி, உண்மையே பேசுவோம் என்று உறுதிமொழி வாங்கினாள், என் கை கூசியது. எப்படிச் சந்தித்தீர்கள், யார் சமைப்பது, அவர் என்ன மாத்திரை போடுகிறார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, உங்க ஊர்க்காரங்களுக்கெல்லாம் இவர் உங்க வீட்டுக்காரர்னு தெரியுமா என்று கேட்டாள். வெண்டல் முந்திக்கொண்டு, ஊருக்கே தெரியும்மா என்றார். நான் அவங்களைக் கேட்டேன் சார் என்றாள் அவள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்து, இல்லம்மா, இப்பத்தான் வெளியே ஒருத்திகிட்ட இவரை நான் பாத்துக்கிற நோயாளின்னு சொல்லிட்டு வந்தேன், கார்டுக்காகக் கிழவனைப் பிடிச்சாள்னு பேசுவாங்களேன்னு வெட்கமா இருந்துச்சு என்று சொல்லிவிட்டேன். கார்டும் போயிற்று, எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கும் கேட்டுச்சு, நான் மட்டும் என்ன யோக்கியம், சியாட்டில்ல இருக்கிற என் மகன்கிட்ட இவளை வீட்டு வேலைக்கு வந்த பொம்பளைன்னுதான் ரொம்ப நாள் சொல்லி வெச்சிருந்தேன், கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சிரிப்பானேன்னு பயம், அதையும் எழுதிக்கோம்மா என்றார். அது எனக்குத் தெரியவே தெரியாது ரோவெனா. அந்தப் பையன் முதல் தடவை வந்தபோது குடித்த கோப்பையைக் கழுவச் சொல்லி என் கையில் நீட்டியது ஏன் என்று அங்கேதான் விளங்கியது. அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்படியொரு பதிலை யாரும் ஒத்திகை பார்த்துட்டு வரமாட்டாங்க என்றாள். முடிவு தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டாள்.

வெளியே வந்தபோது எட்னாவின் நாற்காலி காலியாக இருந்தது. இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அவள் இல்லாதது எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. வண்டியில் பாதி வழி வந்துவிட்டோம். பிறகு அவர், ராத்திரிக்கு ஒருத்தி வருவான்னியே, அவ எப்படி, நல்லா சமைப்பாளா என்று கேட்டார். நான் சிரிக்கப்போய்த் தேம்பி அழுதேன், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் செய்ததற்கு நானும் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் எந்த முகத்தோடு கோபிப்பது.

கார்டு இந்த வாரம் வந்துவிட்டது. உறையைப் பிரித்து அவர்தான் என் கையில் வைத்தார், வாங்கவே கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து நான் சர்ச்சுக்குப் போகவில்லை. வரும் ஞாயிறு அவரோடு போய் எட்னாவிடம் சொல்வதாக இருக்கிறேன், முடியுமா தெரியவில்லை. நம் தெருவில் அம்மா அமெரிக்காவில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று உன்னையும் சொல்ல வைத்தேனே, இனி அப்படிச் சொல்லாதே. கல்யாணம் செய்துகொண்டாள் என்று சொல். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குழந்தையை மழையில் கூட்டிக்கொண்டு அலையாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, போன் செய்யும்போது அவரை இன்னும் சார் என்று கூப்பிடுகிறாய். எப்படிக் கூப்பிடுவது என்று நீயே முடிவு செய், ஆனால் சார் மட்டும் வேண்டாம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் எல்லாம் அவர் காதில் விழுகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
லிகாயா