எதிர்க்கடையில் என் கொப்பி

நானா,

இன்று கண்டி டவுனில் புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து கவரைப் பிரித்தேன். புது பிளாஸ்டிக் வாடை குப்பென்று வந்ததும் அண்ணனாக நினைத்து நானா என்று கூப்பிட்ட உங்கள் ஞாபகம்தான். புது டிஸ்க்கை மோந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் ஆரையும் ஏமாத்தல்ல. ஆனா ஏமாத்தும்" என்று சிரிப்பீர்களே!

என் கிழட்டு கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எடுத்த கல்யாண வீடியோக்களைக் கொப்பி, அதாவது நகல், எடுத்து வைக்கிற டிஸ்க்தான் டிக் டிக் என்று முனக ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் விலை கூடின, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க்கையே நீட்டினார். என் மெஷினில் பழைய யூ.எஸ்.பி., அந்த வேகம் இதில் ஓடாது என்று சொல்லி, சாதாரண டிஸ்க் இரண்டு எடுத்தேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி. "ஒரே பெட்டியில வந்தது ஒண்டா மவுத்தாகும்" சேர்ந்தே செத்துப்போகும் என்பது உங்கள் சட்டமல்லவா.

ஒன்று என் மேசைக்கு. மற்றதை யாரிடம் கொடுப்பது? அதுதான் காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது.

அக்குறணையிலிருந்து வந்து, என் ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே நீங்கள் வீடியோ கடை போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் நீங்களே படியேறி வந்து ஒரு டிஸ்க்கை நீட்டினீர்கள்.

"தம்பி, நான் எடுத்த கலியாணமெல்லாம் இதுல இரிக்கி. நீங்க வெச்சிக்கோங்க. ஒங்கடத தாங்க, என்ட ஊட்டு அலுமாரியில வெக்கிறன்."

"போட்டிக்காரன்கிட்டயா நானா?"

"ஒரே எடத்துல ரெண்டும் இருந்தா, ஒரு நெருப்பே காணுமே, எல்லாம் சாம்பலாக!"

அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் கொப்பி எடுத்து மாற்றிக்கொண்டோம். ஓர்டருக்கு அடித்துக்கொள்வோம். ஆனால் உங்கள் டிஸ்க்கை நான் ஒருமுறைகூடச் செருகிப் பார்த்ததில்லை. நீங்களும்தான்.

பிறகு ஒருநாள் என் ஸ்டூடியோவில் மின்னல் இறங்கியது. அப்போதிருந்த கம்ப்யூட்டரும் அதில் செருகியிருந்த டிஸ்க்கும் கருகின. நாவலப்பிட்டிப் பெண்ணொருத்தியின் கல்யாணம் அதில் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு அவள் அப்பா தவறிவிட்டார். அப்பா வருகிற இடத்தையாவது தாங்க என்று அவள் வந்து நிற்கிறாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு, உங்கள் வீட்டு அலுமாரியிலிருந்த என் கொப்பியை எடுத்துவர அக்குறணைக்குப் பஸ் ஏறினீர்கள். திரும்பும்போது கொட்டுகிற மழை. மழைக்கோட்டைக் கழற்றி டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டு, தொப்பலாக வந்து நின்றீர்கள்.

"நான் காஞ்சிருவன். இது காயாது."

அப்பா கண்ணைத் துடைக்கிற இடத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எப்பேர்ப்பட்ட மனுசன் நானா நீங்கள்!

உங்கள் மவுத்துக்குப் பிறகு உங்கள் மகள் என் டிஸ்க்கைக் கொண்டுவந்து தந்தார். உங்களுடையதை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கொப்பி எல்லாம் ஒரே அறையில்தான் கிடக்கிறது.

உங்கள் கடையில் இப்போது ஒரு புதுக்காரன். ட்ரோனும் பந்தாவும். என் ஓர்டர்களை அள்ளிக்கொண்டு போகிறான். "பேங்க் லாக்கர்ல வைங்களேன்" என்றாள் மனைவி. கல்யாணத்துக்குக் கல்யாணம் லாக்கருக்கு யார் ஓடுவது? சாயங்காலம் ரோட்டைக் கடந்து போய் அவன் மேசையில் டிஸ்க்கை வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் புரட்டினான்.

"அண்ணே, நான் இதைத் திறந்து பார்த்துட்டா?"

"பார்க்க மாட்டீங்க" என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ! அவன் மேல் எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனால் உங்களோடு பழகிப் பழகி, எரிச்சல் இருக்கும்போதே ஒருத்தனை நம்பவும் எனக்கு வந்துவிட்டது, நானா.