அப்பா நின்ற கூட்டம்

அன்புள்ள ஸ்திராத்தி,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இருமல் நின்றதா? நான் திடமாக இருக்கிறேன்.

கடனுக்கு ஐரோப்பா விதித்த நிபந்தனைகளை ஏற்பதா, மறுப்பதா என்று ஞாயிறன்று நம் கிரீஸ் வாக்களிக்கிறது. அதற்காக நீயும் உன் தங்கை மாரினாவும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். "அப்பா இருந்தா என் பக்கம்தான்" என்று இருவருமே என்னிடம் சொல்கிறீர்கள்.

நேற்று, இங்கே ஜெர்மனியில் நான் கவனித்துக்கொள்ளும் ஹெட்விக் அம்மாளின் தொலைக்காட்சியில், ஏதென்ஸில் ஏற்போர் கூடிய கூட்டத்தையும் மறுப்போர் கூடிய கூட்டத்தையும் காட்டினார்கள். ஒன்றில் உன் அப்பா நின்றார். அதே சாம்பல் தொப்பி, அதே சாய்ந்த தோள். நான் எழுந்துவிட்டேன்.

"என்ன கலியோப்பி, பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க? உங்க ஊர்ல மூடி வச்ச பேங்கைத் திறந்துட்டாங்களா?" என்றார் அம்மாள்.

"ஜெர்மனியக் கேக்காமத் திறப்பாங்களாம்மா?" என்றேன். சிரித்துவிட்டார்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கூட்டம் என்றும் சொல்ல மாட்டேன். எல்லோரும் கலைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார், யாராவது வந்து வீட்டுக்கு அழைக்கட்டும் என்பதுபோல.

அடுத்த வாரம் அவருடைய நினைவுப் பூசை. படையலுக்கான கோதுமையை நீயும் மாரினாவும் சேர்ந்தே வேகவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரையை அதன் மேலே சமமாகப் பரப்பும்படி அவளிடம் சொல். எனக்குக் கறுப்புக் காலுறையும், நம் வீட்டுத் துளசியின் விதை கொஞ்சமும் அனுப்பு.

அம்மாள் மணியடிக்கிறார். உங்களில் ஒருவர் மட்டும் போய்க் கூப்பிட்டால் அப்பா வரமாட்டார், ஸ்திராத்தி.

அம்மா