பூட்டு எழுதிய சீட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அங்கே நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்படி எழுதாவிட்டால் கடிதம் ஆரம்பிக்காது என்பதால் எழுதினேன், மற்றபடி இந்த வீட்டில் சுகமாக இருப்பவர் உன் அப்பா ஒருவர்தான். காது மந்தம் என்று சொல்லிச் சொல்லியே பாதிச் சண்டைகளைத் தாண்டிவிடுகிறார், ரேடியோ மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கிறது. மொட்டைமாடித் தொட்டி ஒழுகி உன் பழைய அறைச் சுவர் ஊறிப்போய் நிற்கிறது. நீ வருவதாக இருந்தால் பூசச் சொல்வேன், வராதவனுக்கு எதற்குச் சுவர் என்று விட்டுவிட்டேன். நீ போன் செய்தபோதெல்லாம் சின்னவள் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொன்னேன் அல்லவா, ஒருத்தி எத்தனை தரம் குளிப்பாள் என்று உனக்கும் தோன்றவில்லை. உன் தங்கை வீட்டில் இல்லை, போய்விட்டாள். நடந்ததை மற்றவர்கள் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். போனில் என்றால் குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நம் நர்சரிப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆள் இல்லாமல் போனபோது, மாண்டிசோரி பயிற்சி எல்லாம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளிடம் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். வந்ததும் முதல் வேலையாகப் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினாள். பின்பக்க மூலையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஆஸ்பத்திரி என்றாள். ஒருவன் டாக்டர், ஒருத்தி நர்ஸ், மீதிப் பேர் நோயாளிகள். உன் அப்பா பழைய ரப்பர் குழாயையும் ஒரு பாட்டில் மூடியையும் வைத்து ஸ்டெதஸ்கோப் செய்துகொடுத்தார். இந்த வீட்டில் ஒரு ஃப்யூஸ் போடச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும் மனுஷன், அதை ஒரே மத்தியானத்தில் முடித்தார். எழுத்து எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்டேன், ஆரம்பித்தாயிற்று என்றாள். சுவரைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி கிறுக்கல். அதுதான் எழுத்தாம். ஒரு காகிதத்தில் கோடு போட்டு நீட்டினால் இன்னொரு ஆள் எழுந்து வருகிறான் என்று தெரிந்துகொண்ட குழந்தைக்கு, எழுத்து எதற்கு என்று முதலில் புரிகிறதாம், எது எந்த எழுத்து என்பது பின்னாலேயே ஓடி வருமாம். இதற்குத்தான் நான் ஊரை விட்டு அனுப்பிப் படிக்க வைத்தேனா என்று கேட்டேன். அவள் கட்டுப் போட்ட ஒரு பொம்மைக்குப் பக்கத்தில் குனிந்து ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தது. எதிர் சாரியில் மிஷின் போட்டிருக்கும் தையற்காரரின் மகள். வீட்டில் ஏதோ முணுமுணுக்குமாம், பள்ளிக்கு வந்தால் வாயைத் திறக்காது. பேரைக் கேட்டால் தரையைப் பார்க்கும், பென்சிலைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளும். பூட்டு என்று நான்தான் பேர் வைத்தேன். அப்புறம் ஆயா முதல் வேன் டிரைவர் வரை எல்லோருக்கும் அது பூட்டுதான், உன் தங்கை ஒருத்தி மட்டும் நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டராகவும் ஆகவில்லை, நோயாளியாகவும் ஆகவில்லை. வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சீட்டு எழுதியது. முதலில் வெறும் கோடு. அப்புறம் ஒவ்வொருவர் பேரின் முதல் எழுத்து. அப்புறம் முழுப் பேரும் அதற்குக் கீழே எங்கே வலி என்பதும், கால், காது, வயிறு என்று. எழுதிய சீட்டைத் தூக்கிக் காட்டினால் அந்தப் பேர்க்காரன் எழுந்து வர வேண்டும். சின்னவள் இதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. சீட்டாட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை.

பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா. பக்கத்துத் தெருப் பள்ளியில் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, நம் பிள்ளை வீட்டுக்கு வந்து ஊசி போட்டு விளையாடுகிறது என்று மருந்துக்கடைக்காரர் மனைவி ஆரம்பித்து வைத்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை, இன்னும் நாலு பேரிடம் சொல்லு என்றேன். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, சின்ன வகுப்பு எப்படிப் படிக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்று சொல்லிப் பூட்டைக் கூப்பிட்டேன். எழுதக்கூடிய பிள்ளைகள் எத்தனையோ இருந்தன, வேண்டுமென்றேதான் அதைக் கூப்பிட்டேன். கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, கையில் சாக்பீஸைக் கொடுத்து, அ எழுது என்றேன். நின்றது. மறுபடியும் சொன்னேன். சாக்பீஸ் உடைந்தது, எழுத்து வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் காலடியில் தரை நனைந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள், பின்வரிசையில் அதன் அப்பா நின்றுகொண்டிருந்தார், கழுத்திலிருந்து அளவு டேப்பைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருந்தார். நான் உன் தங்கை பக்கம் கையைக் காட்டி, “இந்த அம்மா சொல்லிக்குடுத்த படிப்பு இதுதான், நல்லாப் பாத்துக்கோங்க” என்றேன். அவள் பெண்ணைத் தூக்கி அதன் அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஆயாவைக் கூப்பிடாமல் தானே துணி எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள். அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டி, பொம்மை, குழாய் எல்லாவற்றையும் ஆயாவை விட்டுக் குப்பை வண்டியில் ஏற்றினேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று பார்த்தேன், அழவில்லை. “அந்தப் புள்ளைக்கு எழுதத் தெரியாதுன்னு நீ நெனச்சிருந்தா அத நீ கூப்பிட்டிருக்கவே மாட்டம்மா. தெரியும், ஆனா எல்லார் முன்னாலயும் வராதுன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்ட” என்றாள். போகிறவளைப் போகாதே என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, உன்னையும் அப்படித்தான் அனுப்பினேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போ என்றேன். வைத்துவிட்டுப் போனாள். உன் அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழுந்துபோய் அவள் போன கதவைத் தாழ் போடாமல் திறந்தே வைத்தார். நான்தான் போய்த் தாழ் போட்டேன்.

தையற்காரர் பெண்ணை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. அவர் பெண்ணுக்கு வேறு எந்தப் பள்ளியில் இடம் கொடுப்பார்கள். நானே ஒரு கை பார்க்கிறேன் என்று அதை என் ஆபீஸ் அறையில், என் மேஜைக்குப் பக்கத்தில் தனி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கையைப் பிடித்து அழுத்தி எழுத வைத்தேன். இழுத்த கோட்டின்மேல் கோடு, எழுத்தின்மேல் எழுத்து. சொன்னால் நம்பமாட்டாய், முத்து முத்தாக எழுத ஆரம்பித்தது. அம்மா வந்தாள் என்று பலகையில் போட்டால் பக்கம் நிறைய அம்மா வந்தாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டால் மட்டும், சலவையில் வெளுத்த துணி மாதிரி வெறுமையாக ஒரு பார்வை பார்க்கும். எழுதுவது கைக்கு, அர்த்தம் அப்புறம் வரட்டும் என்று இருந்தேன். மருந்துக்கடைக்காரர் மனைவியைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன், அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

போன வாரம் இடைவேளையில் என் அறை வாசலில் பிள்ளைகள் சத்தம் இல்லாமல் வரிசையாக நின்றன. நான் வரிசையில் நிற்கச் சொல்லவே இல்லை. எட்டிப் பார்த்தால் பூட்டு, நடையில் என் செருப்பு ஸ்டாண்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. பெட்டி இல்லை, குழாய் இல்லை, டீச்சரும் இல்லை. ஒரு பையன் வெறும் விரலைக் காதில் வைத்துக்கொண்டு டாக்டராகி இருக்கிறான். நான் எழுத வைத்த நோட்டின் பின்தாள்களைக் கிழித்து எல்லோர் பேரும் எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு பேர், ஒவ்வொன்றும் வேறு வலி, ஒரு பேரைக்கூட நான் அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. என்னைப் பார்த்ததும் மற்றதுகள் சிதறி ஓடின. அது ஓடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குனிந்து எழுதி, ஒரு சீட்டை என்னிடம் நீட்டியது. பெரிய மிஸ் என்று பிள்ளைகள் என்னைக் கூப்பிடும் பேர், அதற்குக் கீழே வாய் என்று எழுதியிருந்தது.

உள்ளே போய் மேஜையில் வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு தப்பைத் தேடினேன். ரி போட வேண்டிய இடத்தில் றி போட்டிருக்கும் என்று பார்த்தேன், ஒழுங்காக ரி போட்டிருந்தது. ய்க்குப் புள்ளி இருந்தது, ஸ்க்கும் இருந்தது. ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் வாய் என்பதைச் சுற்றிப் பெரிதாகச் சிவப்பு வட்டம் போட்டு, தப்பு, திருத்தி எழுதிக்கொண்டு வா என்று நீட்டினேன். பெண் வட்டத்தைப் பார்த்தது. எழுத்தை அது பார்க்கவில்லை பெரியவனே, என்னைத்தான் பார்த்தது. வலி எங்கே என்று தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று யோசிக்கிற மாதிரி, டாக்டர் பார்ப்பதுபோல, என் முகத்தைப் பார்த்தது, கழுத்தைப் பார்த்தது, கடைசியில் அதன் பார்வை பேனாவைப் பிடித்திருந்த இடத்தில் வந்து நின்றது. வாய் என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கை என்று எழுதிக் கொடுத்தது.

அந்தக் கையாலேயே அன்றைக்கே டி.சி. எழுதி அனுப்பிவிட்டேன். காரணம் என்று போட்டிருந்த இடத்தில், பள்ளி ஒழுங்குக்கு ஒத்துவரவில்லை என்று எழுதினேன். தையற்காரர் வந்து வாங்கிக்கொண்டு, படித்துப் பார்த்து, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் எனக்கு ரொம்ப நேரம் எரிந்துகொண்டிருந்தது. பெண் படி இறங்கும்போது ஆயா பழக்கத்தில் பூட்டு என்று கூப்பிட்டிருக்கிறாள், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

இப்போது சின்னவள் எங்கே என்று கேட்பாய். தூரத்தில் இல்லை, தையல் கடைக்கு மேல் இருக்கும் ஒற்றை அறையில்தான். என் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் தெரியும், அதனால் திறப்பதில்லை. அங்கேயும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதே கூத்துதான், நம் வகுப்பிலிருந்தே சில பிள்ளைகள் போய்விட்டன, மருந்துக்கடைக்காரர் பையனும் போகிறான், அவன் அம்மா என்னைக் கண்டால் தெரு மாறி நடக்கிறாள். உன் அப்பா தினம் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார், பையில் ஸ்க்ரூ டிரைவரோடு நடக்கப் போகிற ஆளை நீ பார்த்திருக்கிறாயா. அவர்தான் சொன்னார், அந்தப் பெண் இப்போது கடைக்கு வருகிறவர்களின் துணியில் குத்தியிருக்கும் பேர்ச் சீட்டுகளைச் சத்தமாக வாசித்து அவரவர் துணியை எடுத்துக் கொடுக்கிறதாம், குரல் கணீர் என்று இருக்கிறதாம். இருக்கட்டும். இந்தத் தெருவில் எல்லோரும் கேட்டாயிற்று, எனக்கு மட்டும் அது எப்படி இருக்கும் என்று தெரியாது.

இதைப் படித்துவிட்டு நீ நியாயம் பேசாதே. கடல் தாண்டிப் போனவனுக்கு இங்கே ஓட்டு இல்லை. உன் தங்கை படப் புத்தகம், கலர் பென்சில் என்று கேட்டு எழுதுவாள், அனுப்பாதே. ஊருக்கு வந்தால் முதலில் இந்த வீட்டுக்கு வா, அங்கே ஏறாதே. ஏறினாய் என்று தெரிந்தால் நான் உனக்குத் தட்டு வைக்கமாட்டேன். பேரன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுகிறான், எல்லோருக்கும் டிக்கெட் எழுதிக் கொடுக்கிறான் என்று மருமகள் பெருமையாக எழுதியிருந்தாள். நாற்காலி உட்காருவதற்கு என்று அவளிடம் சொல். தினம் ஒரு பக்கம் எழுத வை, கோணல் இல்லாமல்.

எனக்கு மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமல் இருங்கள், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. சின்னவள் உனக்குப் போன் செய்து, அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று விசாரிப்பாள், அவளை எனக்குத் தெரியும். கேட்கவில்லை என்று சொல். அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா