பீச்சாங்கையில் வாங்கிய பிஸ்டல்

ஆடி 12, ஞாயிறு

ஓடிக்கொண்டே சுடுகிற போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் கிளப் பிஸ்டலையே நம்புவது? எனக்கென்று எதை வாங்கப் போகிறேன் என்று நாளை செயலாளரிடம் சொல்லியாக வேண்டும். இன்று பஷீர் அண்ணன் தன்னுடைய இரண்டையும் ரேஞ்சுக்குக் கொண்டுவந்தார். செங்கல்பட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், எங்கள் அணியில் என்னைவிட வேகம்.

கனமான ஸ்டீல் பிஸ்டலை முதலில் கொடுத்தார். கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. "இதுதாண்ணே" என்றேன். தோட்டா போடாமல், டைமர் வைத்து ஒத்திகை பார்த்தேன். பீப் அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து உருவினேன். சுடுவதற்கு முன் தள்ளிவிட வேண்டிய சேஃப்டி விசை கட்டைவிரலுக்கு அகப்படவே இல்லை. அது பிஸ்டலின் மறுபக்கம் இருந்தது. மூன்று இலக்கைச் சுட்டு முடிக்கிற நேரம் தடவிக்கொண்டே நின்றேன்.

"இன்னாமா, நீ பீச்சாங்கையில சுடுறவ. சோத்துக்கையில புடிச்சிப் பாத்துட்டு நல்லா கீதுன்னா எப்டி?"

அப்போதுதான் உறைத்தது. யார் எதைக் கொடுத்தாலும் வலது கையில்தான் வாங்குவேன். சின்ன வயதில் அம்மா புறங்கையில் போட்ட அடிகள் அப்படி.

இரண்டாவதில் இரண்டு பக்கமும் சேஃப்டி. அவர் நீட்டியபோது, "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே" என்று இடது கையை நீட்டினேன்.

"அட, புடிம்மா."

கட்டைவிரல் தானாக சேஃப்டியில் போய் நின்றது. இதுதான் என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். காபி டம்ளரை நீட்டினாள். வலது கையில் வாங்கிக்கொண்டேன்.