பக்கத்து வீட்டம்மா

அம்மா,

இன்று என் மகளுக்குப் பள்ளியில் ஆண்டு விழா. ஒப்பனை செய்யும் பெண் அவள் கன்னத்தில் பான்கேக் பூச்சைத் தேய்த்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். குன்றத்தூர் வாடகை வீட்டில், படப்பிடிப்பு முடிந்து வந்து, தேங்காயெண்ணெய் விட்டு நீ முகத்தைத் துடைக்கும்போது வரும் வாசனை அது.

திருவிழா மேடைகளில் ராணி வேஷம் கட்டியவள் நீ. நான் பிறக்கும் முன்பே நாடகத்தை விட்டுச் சினிமாவுக்கு வந்துவிட்டாய். அங்கே கிடைத்ததெல்லாம் நர்ஸ், வேலைக்காரி, பிணத்தருகே அழுபவள். ஒரே ஒரு படத்தில்தான் பெரிய வேஷம்: பெண்களை வைத்துத் தொழில் நடத்துபவள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நீ சிரித்த சிரிப்பை ஊரே பேசியது. அவ்வளவு நன்றாக நடித்திருக்க வேண்டாம் என்று எத்தனை நாள் உன்னைத் திட்டியிருப்பேன்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் போட்டால், மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் உன்னைப் போலவே சிரித்துக் காட்டுவார்கள். நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரிப்பேன். நீ யாரென்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் கம்பெனியின் குடும்ப விழாவுக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். நான் மறைத்து வைத்த நோட்டீஸை நீயே கண்டுபிடித்தாய். அன்றைக்கு இருந்த படப்பிடிப்பைக்கூட வேண்டாமென்றாய். "ஒரு நாளாவது நீ நிக்கிற எடத்த நான் பாக்க வேணாமா?" என்றாய்.

கேன்டீனில் சாப்பிடும்போது எங்கள் லைன் லீடர் உன்னையே உற்றுப் பார்த்தாள்.

"இவங்கள எங்கியோ பாத்த மாதிரி கீதே. உங்க அம்மாவா?"

"இல்லக்கா. பக்கத்து வூட்டம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

உன் கை தட்டில் ஒரு நொடி நின்றது. மேடையில் எதிரில் நிற்பவர் வசனத்தைத் தப்பாகச் சொன்னால், அதையே பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்பாய். அதைத்தான் செய்தாய்.

"ஆமாம்மா. அவங்க அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். புள்ள தனியா போவுதேன்னு நான் கூட வந்தேன்."

குரல்கூட வேறாக இருந்தது. லீடர் நம்பிவிட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, அடுத்த தெருவில் புதிதாக அறை எடுத்திருந்த என் லைனில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி நம்மோடு இறங்கி நடந்தாள். நம் வீட்டு வாசல் வந்தது. நீ நிற்கவில்லை. "வரேம்மா, அம்மாவ கேட்டதா சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு கேட்டில் போய்க் கை வைத்தாய். நான் நம் வீட்டுப் பூட்டை அவள் பார்க்காதபடி மறைத்துத் திறந்து உள்ளே போனேன். அந்தப் பெண் தெருமுனை தாண்டும்வரை, யாரோ ஒருவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நீ வெயிலில் நின்றாய்.

உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாய். "சரியா பண்ணேனா?" என்று கேட்டாய். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாய்.

"ம்" என்றேன்.

உன் நடிப்பை நான் நேரில் பார்த்தது அந்த ஒரு நாள்தான், அம்மா. பார்த்துவிட்டு உனக்கு நான் சொன்னது அந்த "ம்" மட்டும்தான்.