ஒன்பது வருஷம் பைண்டிங்கில் இருந்த புத்தகங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ செல்போனில் செய்து காட்டிய பயிற்சியைத் தினமும் காலையில் செய்கிறாள், அதாவது நான் பார்த்துக்கொண்டிருந்தால் செய்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்களுக்கு நாள் தவறாத நினைப்பு. சின்னவன் போன வாரம் வந்து குளியலறைக் குழாயைத் தானே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான், இப்போது சுடுதண்ணீர்ப் பக்கம் திருப்பினால் பச்சைத்தண்ணீரும் பச்சைத்தண்ணீர்ப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீரும் வருகிறது. அம்மா அவனைப் புகழ்ந்து அனுப்பினாள், நான் வாயைத் திறக்கவில்லை. வாராவாரம் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் நான் பாதியிலேயே அங்கே குளிர் எப்படி என்று கேட்டு நழுவிவிடுவேனாம், அதனால் உன் அம்மாதான் தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்து, முழுக்க எழுதி முடித்தால்தான் டீ என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

முதலில் உனக்கு நன்றி சொல்லவேண்டும். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்த ஆய்வைப் பற்றி இரண்டு மாசத்துக்கு முன்னால் சொன்னேன் அல்லவா, கணினியில் இருக்கும் புத்தகப் பட்டியலை மாணவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதும் வேலை. ஓய்வு பெற நாலு மாசம் இருக்கிற கிழவன்தானே, இவருக்கு வேறென்ன வேலை என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் நான் தட்டி ஏற்றியது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதில் தேடக்கூடத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பீரமாக வெளியே வரலாம் என்று கணக்குப் போட்டேன். தரைத்தளத்தில் வரிசையாக எட்டு கணினி, பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் நான், கையில் நோட்டு. முதல் நாளிலேயே பதினோரு தப்பு கண்டுபிடித்தேன். ஒரு பையன் புத்தகத்தின் பெயர் போடுகிற இடத்தில் நீல அட்டை என்று அடித்தான், பூஜ்யம் என்று வந்ததும் கணினியையே முறைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் அதையெல்லாம் உனக்குப் போனில் வாசித்துக் காட்டினேன், நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. அப்பா, அவங்க என்ன தப்பு பண்றாங்கன்னு எழுதாதீங்க, எதைத் தேடி வந்தாங்க, எந்த இடத்துல விட்டுட்டு எழுந்து போனாங்க, அதை மட்டும் எழுதுங்க, நானும் என்கிட்ட வர்றவங்ககிட்ட வலி எங்கன்னுதான் கேட்பேன், ஏன் ஒழுங்கா உட்காரலைன்னு கேட்க மாட்டேன், தயவுசெஞ்சு வாயைத் திறக்காம உட்காருங்க என்றாய். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு பிசியோதெரபி என்று உடம்புப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள் பாடம் எடுக்கிறாளே என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் நீ சொன்னபடிதான் செய்தேன். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னதற்கு அம்மா, அதை வீட்டிலும் செய்து காட்டுங்களேன் என்கிறாள்.

வாயை மூடியதும்தான் கண் திறந்தது. முழுக் கேள்வியையும் அப்படியே அடிக்கிறார்கள், எதிரே ஆள் இருப்பதுபோல். வருகிற விடையில் முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. புத்தக எண்ணை எழுதிக்கொள்வது கிடையாது, திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள், ஒருத்தி மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மாடிக்கு ஓடினாள், திரும்பி வரும்போது வியர்வையில் எண் அழிந்திருந்தது. பாதிப் பேர் கணினியை விட்டுவிட்டு வாசலில் இருக்கும் ஜெராக்ஸ்காரரிடம் போய்க் கேட்கிறார்கள், அவருக்குப் புத்தகங்கள் அட்டை நிறத்தோடு தெரிந்திருக்கிறது. நீல அட்டைப் பையனுக்கும் அவர்தான் சொல்லி அனுப்பினாராம். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறு ஒன்று. திரை என்ன சொல்கிறதோ அதை அப்படியே நம்புகிறார்கள். பூஜ்யம் வந்தால் தாங்கள்தான் சரியாக அடிக்கவில்லை என்று எழுந்து போகிறார்கள், நூலகம் தப்பாக எழுதி வைத்திருக்கும் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. இவ்வளவு நம்பிக்கையை யார் மேல் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தால், தட்டி ஏற்றிய என் மேல்தான். அதை எழுதும்போது பெருமையாக இருந்தது, இரண்டு நாள்தான் இருந்தது.

கட்டடப் படிப்புப் படிக்கிற ஒரு பெண் வந்தாள், பழைய வீடுகளின் சுவரில் ஈரம் ஏன் ஏறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நோட்டில் அவளுக்கு ஈரச்சுவர் என்று பெயர் வைத்திருந்தேன். திங்கள்கிழமை வந்து தேடினாள், அவளுக்கு வேண்டிய புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது, எதிரே பைண்டிங்கில் உள்ளது என்று இருந்தது, போய்விட்டாள். செவ்வாய் வந்தாள், அதே. புதனும் அதே. அப்புறம் நேராக என் நாற்காலிக்கு வந்து, சார், இந்த பைண்டிங் கடை எங்க இருக்குன்னு சொல்லுங்க, நானே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன் என்றாள். அந்த பைண்டிங் கடையை மூடியே ஆறு வருஷம் ஆகிறது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். புத்தகம் அதன் இடத்தில் இருந்தது. சிவப்பு அட்டை புதுசு மாறாமல் இருந்தது, வெட்டின பக்கங்கள் ஓரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பைண்டர் கொடுத்த நாளிலிருந்து யாரும் பிரிக்காத புத்தகம். பக்கத்தில் இருந்ததை எடுத்தேன், அதுவும் சிவப்பு. அந்த அலமாரியில் பாதி சிவப்பு.

விஷயம் இதுதான். புத்தகங்களை பைண்டிங்குக்கு அனுப்பும்போது கணினியில் ஒரே தட்டலில் மொத்தத்துக்கும் பைண்டிங்கில் உள்ளது என்று போட்டுவிடலாம். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றின் பார்கோடையும் கருவியால் வருடி அலமாரியில் உள்ளது என்று மாற்றவேண்டும், அது என் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருநூற்றுப் பதினாலு புத்தகம் திரும்பி வந்தது. வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டேன், நூலகத்தில் புத்தக வண்டி தள்ளுகிற தள்ளுவண்டிக்காரர் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டார், திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். மாற்றவே இல்லை. அலமாரிப் பக்கம் சும்மா சுற்றிப் பார்த்து யாரோ எடுத்துப் போன பதின்மூன்று புத்தகம் மட்டும் கவுன்டரில் பதிந்தபோது தானாகச் சரியாகியிருக்கிறது. மீதி இருநூற்று ஒன்றும் அங்கேயே இருந்துகொண்டு இல்லாமல் இருந்திருக்கின்றன. வருஷாவருஷம் சரிபார்ப்பில் புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, திரை அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இதைவிட மோசம், எட்டு வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துக் கூழாக்க அனுப்ப ஒரு பட்டியல் தயாராகி, கமிட்டி கையெழுத்தும் ஆகி, அந்த மாசக் கடைசியில் லாரி வருவதாக இருந்தது. இருநூற்று ஒன்றும் அதில் இருந்தன. ஈரச்சுவரின் புத்தகமும்தான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அன்று ஒரு நாள் முழுக்க நான் நல்லவனாக இல்லை. அவளுடைய புத்தகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, மற்றதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் என்ன என்று யோசித்தேன். ஆனால் திரையில் மாற்றினாலும் கழிவுப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும் என்றால் ஏன் என்று காரணம் சொல்லியாகவேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் என் ஃபைலில் ஒரு வரி தப்பாக ஏறியதில்லை, அதைச் சொல்லிச் சொல்லித்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன், இன்னும் நாலு மாசத்தில் மாலையோடு வெளியே வரவேண்டியவன் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதா என்று வீம்பு. லாரி போய்விட்டால் கேட்பாரும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பொண்ணு மூணு நாள் வந்துச்சே, அதுக்கு முன்னாடி ஒன்பது வருஷத்துல எத்தனை பேர் ஒரு நாள் வந்துட்டுப் போயிருப்பாங்க என்று மட்டும் கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றினாள். மறுநாள் காலை தலைமை நூலகரின் அறைக்குள் போய் நின்றேன். அவர் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர், கண்டிப்பானவர், நான் பயந்தேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், சார், உங்க தப்பு தப்புதான், எழுதிக் குடுங்க, ஃபைல்ல வைக்கணும், ஆனா எனக்குத் தூக்கம் கெடப்போறது அதனால இல்ல, ஒன்பது வருஷத்துல அந்தப் பொண்ணைத் தவிர ஒருத்தர்கூட நம்ம யாரையும் வந்து கேட்கலையே, அதனாலதான் என்றார். அன்றே பட்டியலை நிறுத்தினார். இரண்டு நாள் நானும் தள்ளுவண்டிக்காரரும் மூன்றாம் மாடியில் நின்று இருநூற்று ஒன்றையும் வருடி முடித்தோம். இப்போது திரையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் நேரில் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள், மாணவர் அதை அழுத்தினால் எங்களில் ஒருவர் எழுந்து அலமாரிக்குப் போய்ப் பார்த்துப் பதில் அனுப்பவேண்டும். முதல் வாரம் நாற்பது பேர் அழுத்தினார்கள், இருபத்தாறு தடவை மாடி ஏறியது நான். அம்மாவின் முழங்காலோடு என்னுடையதும் சேர்ந்துகொண்டது, ஆனால் இவ்வளவு நிறைவாக நான் வேலை பார்த்து நாளாயிற்று. நீ வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஈரச்சுவர் என்று பெயர்கூட வைத்திருக்க மாட்டேன், தேடத் தெரியாதவர்கள் கணக்கில் பன்னிரண்டாவதாகச் சேர்த்திருப்பேன். அந்த இருநூற்று ஒன்றும் பிழைத்தது உன்னால்தான் அம்மாடி, உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனிமேல்தான் அம்மா எழுதச் சொன்னது வருகிறது. விளக்கக் கடிதத்தில் காரணம் என்று ஒரு இடம் உண்டு. முதலில் வேலைப்பளு என்று எழுதினேன். ஒரு தடவை பொய் சொல்லி லீவு போட்ட இடத்தில் இன்னொரு பொய்யா என்று கிழித்தேன். ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ விமானம் ஏறினாய். திங்களும் செவ்வாயும் காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை. நீ விட்டுப்போன அட்டைப்பெட்டிகளை அடுக்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன், ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை, உன் படிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாளும் அழுதேன். புதன்கிழமை வேலைக்குப் போனபோது திங்கட்கிழமை செய்யவேண்டியது என்று ஒன்று இருந்ததே தலையில் இல்லை. இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன், தலைமை நூலகர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். நகலை வீட்டில் அம்மா படித்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை ஆபீசுக்கு எழுதிக் குடுத்தீங்க, அவளுக்கு எப்பவாவது சொன்னீங்களா என்றாள். அப்பாவுக்கு நான் போனதில் ஒரு வருத்தமும் இல்லை, விமான நிலையத்தில் கடைசி வரை பயணப்பெட்டியின் பூட்டைப் பற்றித்தான் பேசினார் என்று நீ போன முதல் வருஷம் அவளிடம் சொன்னாயாம். ஒன்பது வருஷம் அவளும் அதை என்னிடம் சொல்லவில்லை. நான் பூட்டைப் பற்றித்தான் பேசினேன், சாவியை எங்கே வைத்தாய் என்று நாலு தடவை கேட்டேன், ஐந்தாவது தடவை வேறு எதையாவது பேச வாயைத் திறந்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன், நீ விமானம் ஏறியிருக்க மாட்டாய். நீ போகவேண்டும் என்று நினைத்தேன், போகக்கூடாது என்றும் நினைத்தேன். நீயும் என் முகத்தில் பார்த்ததை அப்படியே நம்பிவிட்டாய், உன் மேல் தப்பில்லை, மாற்றி வைத்திருக்கவேண்டியது நான்தான். இப்போது மாற்றிவிட்டேன்.

கைநிறைய வேலையும் மனம்நிறைய நிம்மதியுமாக நீ நூறு வருஷம் இருக்கவேண்டும், பேத்தி உன்னைப்போலவே எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பு. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, அடுத்தவர் முதுகைச் சரிபார்க்கிற அவசரத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்து. அந்தப் பெட்டியின் சாவி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்.

காய்ச்சல் இல்லாமல் இரண்டு நாள் லீவு போட்ட,
உன் அப்பா