கிழவியின் ஹெட் கேஸ்கட்

நாள் 402. காலை 07:10. வடக்குக் கிணறு, செவ்வாய் கிரகம்

வெளியே மைனஸ் எழுபது டிகிரி. தூசி குறைவு. பனிக்கிணற்றில் பம்பு ஓடுகிறது. தண்ணீர் போதும்.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு: எழுதுபவன் செங்கோடன், ராசிபுரத்துக்காரன், பம்பு எஞ்சினியர். மற்றவர்கள் போன கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள். இந்தக் கிரகத்தில் இப்போது இரண்டே பேர். நான் இங்கே. தெற்குக் கிணற்றில் ஜெபக்கனி, நாசரேத்துப் பெண். நடுவே வண்டியில் ஒரு பகல் தூரம். அடுத்த கப்பல் வர ஒரு வருசம் ஆகும்.

வண்டிக்குக் கீழே மறுபடியும் எண்ணெய்க் கறை. முதல் குழு கொண்டுவந்த பழைய மீத்தேன் வண்டி. பெயர் கிழவி. எஞ்சினுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்துகொண்டு ஓடுவாள். என் கட்டிலும் அடுப்பும் இவள் நிற்கும் கொட்டகைக்குள்தான். எல்லோரும் தங்கியிருந்த அத்தனை பெரிய கூடத்தில் ஒற்றை ஆளாய்ப் படுக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுகலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 403. மாலை 17:40

ஜெபக்கனியின் செய்தி, அப்படியே: "அண்ணே, காத்து மெசினு நின்னு போச்சு. உள்ள சுருள் கருகிட்டு. சிலிண்டர்ல ஒரு வாரத்துக்குக் காத்து இருக்கு. பயப்படாதிய. வண்டிய எடுத்துட்டு வந்து என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க."

உடனே கிழவியை உசுப்பினேன். வெள்ளைப் புகை. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் மோர் மாதிரி இருக்கிறது. தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே அடைத்து நிற்கும் தகடு அது. அது இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட மாட்டாள்.

"பொறு அம்மிணி, சரி பண்ணிட்டு வந்தர்றேன்" என்று அனுப்பினேன். குரலைத் தெம்பாக வைத்துக்கொண்டேன்.

நாள் 404. மதியம் 12:15

எஞ்சினைப் பிரித்தாயிற்று. உதிரிப் பெட்டியில் 'ஹெட் கேஸ்கட்' என்று ஒட்டியிருந்த உறையைக் கிழித்தால், உள்ளே இருப்பது புது மாடல் வண்டிக்கானது. ஒரு துளைகூட ஒத்துவரவில்லை. புது மாடல் வண்டி இங்கே வரவே இல்லையே! பெட்டி கட்டினவன் நல்லா இருக்கட்டும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கேட்க ஆளில்லை என்பதால் இன்னொரு தடவையும் திட்டினேன்.

நானே வெட்ட வேண்டியதுதான். கழற்றிப் போட்ட வெப்பமாற்றியில் செம்புத் தகடு இருக்கிறது. எஞ்சின் தலைமேல் போடும் மூடிக்கு அடைப்பாக அட்டை வேண்டும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டை நல்ல கனம்.

நாள் 406. மாலை 18:30

செம்பைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மிருதுவாக்கினேன். எஞ்சின்மேலேயே விரித்து, விளிம்போடு உருண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டித் துளைகளை எடுத்தேன். அட்டையையும் அதே மாதிரி. அட்டையில் இருந்த முருகர் பாதிதான் தேறினார்.

ஜெபக்கனி: "முருகரையா எஞ்சினுக்குள்ள வச்சிய? எங்க பாஸ்டர்ட்ட சொன்னா என்ன சொல்லுவாவ!" வெகுநேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம்தான் எனக்கு இங்கே மனுச வாசம்.

தலைப் போல்ட்டுகளை முதல் சுற்று லேசாக முடுக்கிவிட்டேன். இரண்டாம் சுற்றுதான் முழு இறுக்கம். முழுதாக இறுக்கிய போல்ட்டில் ஒரு செம்பொட்டு வைத்துவிடுவேன், அப்பாவின் லாரிப் பட்டறைப் பழக்கம். பெயிண்ட் இல்லை. இந்த ஊர்ச் செம்மண்ணை எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். இடப்பக்க வரிசை முடிந்தது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை, அவசரப்பட்டால் போல்ட் அறுந்துவிடும். வலப்பக்கம் நாளைக்கு.

நாள் 407. இரவு 20:00

அட்டை போனாலும் காலண்டர் தாள்கள் இருக்கின்றன. கிழித்தால் இன்று ஆயுத பூசை. பட்டறையில் இன்றைக்கு ஒருத்தரும் ஸ்பானரைத் தொட மாட்டார்கள். தொட்டால் அப்பா கையை ஒடித்துவிடுவார்.

ஜெபக்கனியிடம் சொன்னேன். "சாமியாவது பூதமாவது, நான் வேலையப் பாக்கறேன்" என்றேன். அவள் விடவில்லை: "ஒரு நா தான அண்ணே. எனக்குக் காத்து இருக்கு. வருசம் பூரா ஒழைச்ச சாமானுக்கு ஒரு நா ஓய்வு குடுங்க. எனக்கும் சேத்துக் கும்பிடுங்க."

சரி என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசைதான். ஒரு பண்டிகை, கூடப் பேச ஒரு ஆள்.

குங்குமம் எப்போதோ தீர்ந்துவிட்டது. நேற்றுக் குழைத்த செம்மண் மிச்சம் இருந்தது. ஸ்பானர், சுத்தியல், பம்பு, ரேடியோ, கிழவியின் நெற்றி, எஞ்சின் தலை, போல்ட்டு ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். கற்பூரம் காற்றைத் தின்னும், அதனால் டார்ச்சைக் காட்டினேன். "எனக்குச் சாமிப் பாட்டு தெரியாது, இதான் வரும்" என்று ஜெபக்கனி ரேடியோவில் ஒரு சர்ச்சுப் பாட்டுப் பாடினாள். சந்தோசமாக இருந்தேன். இங்கே வந்த பிறகு இப்படி ஒரு நாள் இல்லை.

நாள் 408. காலை 05:50

"அண்ணே... தல சுத்துது. மீட்டரு முள்ளு சிக்கி நின்னுருக்கு. இருக்குன்னு காட்டுச்சு... சிலிண்டர்ல ஒண்ணும் இல்ல போல."

ஓடினேன். எஞ்சினைப் பார்த்தேன். எல்லாப் போல்ட்டிலும் பொட்டு இருக்கிறது. சரி, இறுக்கி முடித்தாயிற்று. அட்டையை வைத்து மூடியைப் போட்டேன். புது எண்ணெய், தண்ணீர். முதல் தடவையிலேயே பிடித்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பழமும் இல்லை, நேரமும் இல்லை. கிளம்புகிறேன்.

நாள் 408. மதியம் 13:20

பாதி வழி. நின்றுவிட்டாள். ஆவி பீறிட்டது. தண்ணீர் முழுக்கப் போய்விட்டது.

மூடியைக் கழற்றினேன். வலப்பக்கப் போல்ட்டுகள் லேசாகத் தொட்டாலே சுற்றுகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பொட்டு.

பூசைப் பொட்டு. நான் வைத்தது. என் கையால் நானே வைத்தது. அடப் பாவி. அடப் பாவி செங்கோடா.

செம்புத் தகடு கிழியவில்லை. இறுக்கினால் பிடிக்கும். கையுறையோடு ஸ்பானர் வழுக்குகிறது. வழுக்கினாலும் இறுக்கணும்.

13:55

"எங்க இருக்கிய அண்ணே?"

"பக்கத்துல வந்துட்டேன் அம்மிணி. பேசாத, படுத்துக்க. மூச்ச வீணாக்காத." பொய். இன்னும் பாதி தூரம் இருக்கிறது.

14:40

"அண்ணே... வெளிய வண்டிச் சத்தம் கேக்கு. வந்துட்டியளா? இருங்க, கதவத் தொறக்கேன்."

எஞ்சின் திறந்து கிடக்கிறது. ஸ்பானர் என் கையில் இருக்கிறது. இங்கே எந்தச் சத்தமும் இல்லை.

கத்தினேன். "அது நானில்ல! கதவத் தொடாத! உடுப்பு போட்டியா? ஜெபக்கனி, கதவத் தொடாத!"

"சாமி கும்பிட்டியளா அண்ணே" என்றாள். பிறகு ஒரு இரைச்சல், கொஞ்ச நேரம். பிறகு அதுவும் இல்லை.

15:30

கூப்பிட்டேன்.

கூப்பிட்டுக்கொண்டே இறுக்கினேன்.

16:05

எல்லாம் இறுக்கியாயிற்று. பொட்டு வைக்கவில்லை. குடிதண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினேன். உடனே பிடித்தாள். அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எனக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. வடக்கே திரும்பச் சொல்லி அறிவு சொல்கிறது. தெற்கேதான் போகிறேன். ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அவள் அங்கே தனியாகக் கிடப்பாள். கதவு திறந்திருக்கும். போய்ச் சாத்த வேண்டும்.